நாவலில் இப்படி இல்லை

நாவலை வைத்து எடுத்த படம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் என்னோடு தியேட்டருக்கு வருவதில்லை. மனைவிக்கு அன்று பார்த்துத் தலைவலி வரும். மகளுக்கு ஆபீஸில் மீட்டிங் வரும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. பெயர் போட்டு முடிவதற்குள் பக்கத்து இருக்கைப் பக்கம் சாய்ந்து, "நாவல்ல இப்படி இல்ல" என்று ஆரம்பித்துவிடுவேன். பாப்கார்ன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். பாப்கார்னை மென்றுகொண்டும் எனக்குத் தெளிவாகப் பேச வரும்.

இதில் ஒரு பெருமை இருக்கிறது, மறைப்பானேன். அரங்கம் நிறையக் கதை தெரியாமல் ஆட்கள் உட்கார்ந்திருக்க, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த ஒரு ஆள் நான். அந்தச் சுகத்துக்காகவே சில நாவல்களைப் படித்திருக்கிறேன். படித்திருக்கிறேன் என்பதில் கொஞ்சம் மிகை உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது. வருடக்கணக்காகத் தியேட்டர் பக்கம் போகாத பாட்டிகளெல்லாம் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். அந்த அலையில் எங்கள் வீட்டிலும் தலைவலியை மறந்து கிளம்பினார்கள். நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு தொடங்கும். படம் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்கியது. நான் சாய்ந்தேன். கடம்பூர் மாளிகை வந்தது. கந்தமாறனின் தங்கை மணிமேகலையைக் காணோம். "மணிமேகலை எங்க? மணிமேகலையையே தூக்கிட்டாங்க!" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. யாரோ தன் வீட்டுப் பெண்ணைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து டார்ச்சோடு வந்துவிட்டார் தியேட்டர் ஊழியர்.

இரண்டாம் பாகம் அடுத்த ஏப்ரலில் வந்தது. இந்த முறை நல்லபடியாக நடந்துகொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். முக்கால் படம்வரை வாக்கைக் காப்பாற்றினேன் என்றுகூடச் சொல்லலாம். கடைசியில் அருள்மொழிவர்மன் மகுடத்தை மதுராந்தகனுக்கு விட்டுக்கொடுக்கும் காட்சி. அதுவரை குறை மட்டுமே சொல்லி வந்த குற்ற உணர்ச்சியில், ஒரு தடவையாவது பாராட்டுவோமே என்று மகளிடம் சொன்னேன்: "இது கரெக்ட். நாவல்ல அப்படியேதான். மதுராந்தகன்தான் உத்தம சோழன். இதுல மட்டும் கை வைக்கல."

முன்வரிசையில் கல்லூரிப் பெண் ஒருத்தி. திரும்பினாள். மரியாதையாகத்தான் கேட்டாள்: "அங்கிள், நாவல்ல சேந்தன் அமுதன்தானே உத்தம சோழர்? இந்த மதுராந்தகர் செம்பியன் மாதேவியோட சொந்தப் பிள்ளையே இல்லையே?"

"எந்தச் சேந்தன் அமுதன்? அந்தப் பூ கட்டுற பையனா?"

"ஆமா அங்கிள். நாவலோட பெரிய ட்விஸ்ட்டே அதுதானே."

அவள் புத்தகத்தைத் தொட்டதே இல்லையாம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஆடியோ புத்தகமாகக் கேட்டாளாம், அத்தனை பாகமும். படம் நாவலை விட்டு எந்த இடத்தில் மிக அதிகமாக விலகியதோ அந்த இடத்துக்குப் பார்த்து நான் முத்திரை குத்தியிருக்கிறேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மிச்சமிருந்த பாப்கார்னை மட்டும் என் மடியில் வைத்தாள்.

நடந்தது இதுதான். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். நான் நாலு பாகம்தான் படித்திருக்கிறேன். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த தொடரைப் பாட்டி வாரா வாரம் கிழித்து வைத்து, பாகத்துக்கு ஒன்றாகப் பைண்டு பண்ணியிருந்தாள். காலிகோ முதுகு, பசை வாசனை, நடுநடுவே தைல விளம்பரம், ஓரத்தில் பாட்டியின் மளிகைக் கணக்கு. கோடை விடுமுறையில் புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம் என்று ஓடினேன். தியாக சிகரம் அலமாரியில் இல்லை. அடுத்த தெரு மாமி இரவல் வாங்கிப் போயிருந்தாள், மாமாவுக்கு மாற்றலாகி அவர்கள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். முடிவு என்ன என்று பாட்டியைக் கேட்டதற்கு, "ராஜராஜன் ராஜாவானான், பெரிய கோயில் கட்டினான், பள்ளிக்கூடத்துல சொல்லித்தரலையா?" என்றாள். அதோடு என் வாசிப்பு நிறைவுற்றது.

மாமியைக் குற்றம் சொல்லி இத்தனை காலம் தப்பித்திருக்கிறேன். ஆனால் கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகி, பிளாட்பாரத்திலேயே ஐந்து பாகமும் அடுக்கி வைத்து விற்றார்கள். கல்யாணப் பரிசாக வேறு ஒரு செட் வந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் ஹாலில் இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1950களின் கடைசியிலேயே இந்த நாவலின் உரிமையை வாங்கியும் படமாக எடுக்க முடியாமல் போனது. அவருக்கே கைகூடாதது எனக்குக் கூடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் படிக்காமல் விட்டார் என்று யாரும் சொன்னதில்லை, அதுதான் இடிக்கிறது.

படத்தின்மேல் எனக்கு இன்னொரு குறையும் இருந்தது. "என் மனசுல இருந்த நந்தினி இது இல்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐஸ்வர்யா ராய்க்கு என்ன குறைச்சல் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் என் நந்தினி வேறு. பக்கவாட்டில் சரிந்த கொண்டை, நீண்ட கண், பேசாமலே ஆளை அசத்தும் ஒரு நிற்பு. பத்து வயதில் நானே கற்பனை செய்து உருவாக்கியவள் என்ற உரிமை. ஊருக்குப் போனபோது பரணிலிருந்து பாட்டியின் பைண்டை இறக்கித் தூசி தட்டிப் பிரித்தால், கொண்டை, கண், நிற்பு எல்லாம் அச்சு அசலாக அங்கே இருந்தன. ஓவியர் மணியம் போட்ட படம். இந்தத் தொடருக்காகக் கல்கி அவரை இலங்கைவரை கூட்டிப்போனார் என்பார்கள். அந்த மனிதர் வெயிலில் அலைந்து பார்த்து வரைந்ததை நான் மொட்டை மாடியில் மாங்காய் தின்றபடி பார்த்துவிட்டு, என் கற்பனை என்று பட்டா போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு ஒன்று உறைத்தது. நான் எந்தப் படத்தையும் நாவலோடு ஒப்பிட்டதே இல்லை. என் மண்டைக்குள் ஏற்கெனவே ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு நடிகர் தேர்வு மணியமோ ஓவியர் ஜெயராஜோ செய்தது, வசனத்தில் பாதி பாட்டி சொன்னது. அதோடுதான் ஒப்பிட்டிருக்கிறேன். சுஜாதாவின் 'ப்ரியா' லண்டனில் நடக்கும் கதை. 1978இல் வந்த படத்தில் அது சிங்கப்பூருக்குப் போனது. வக்கீல் கணேஷாக ரஜினி. "கணேஷ் இப்படி இருக்க மாட்டான்" என்று நாங்கள் கொதித்தோம். எப்படி இருப்பான் என்று கேட்டிருந்தால், பத்திரிகையில் வந்த படத்தைத்தான் காட்டியிருப்போம்.

இது எங்கள் குடும்ப வியாதி என்பதற்கும் சான்று உண்டு. 'தில்லானா மோகனாம்பாள்' ஆனந்த விகடனில் 1957-58இல் தொடராக வந்தது. எழுதியவர் கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு, படம் போட்டவர் கோபுலு. ஏ.பி. நாகராஜன் அதை 1968இல் சினிமாவாக எடுத்தார். அப்பா முதல் வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கோபுலு போட்ட வைத்தி இவன் இல்லை" என்று திண்ணையில் தீர்ப்பு வழங்கினாராம். நாகேஷைப் பார்த்து! இன்றைக்கு அந்த நாவலைக் கையில் எடுப்பவர் யாராவது நாகேஷின் முகம் இல்லாமல் வைத்தியைப் படிக்க முடியுமா? அப்பா சாகும்வரை தீர்ப்பை மாற்றவில்லை. தொலைக்காட்சியில் அந்தப் படம் வரும்போதெல்லாம் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அதையே சொன்னார். என் கருத்து வேறு. எத்தனை நல்ல எழுத்தானாலும் காகிதத்தில் நாதஸ்வரம் கேட்காது. படத்தில் சிவாஜிக்குப் பின்னால் வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே படம் நாவலைத் தாண்டிவிட்டது. அப்பா இருந்திருந்தால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன்.

எங்களைப் போன்றவர்களின் வாயை அடைக்கும் வழியைக் கல்கி முன்பே கண்டுபிடித்திருந்தார். கே. சுப்பிரமணியம் இயக்கி 1939இல் வந்த 'தியாகபூமி'யின் கதை விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதில் படத்தின் புகைப்படங்களையே போட்டார்கள். உமா என்றால் எஸ்.டி. சுப்புலட்சுமி. வாசகன் வேறு முகத்தைக் கற்பனை பண்ணிக்கொள்ள இடமே கிடையாது. அந்த முறை தொடர்ந்திருந்தால் என் இல்லறம் நன்றாக இருந்திருக்கும்.

இதுவரை சொன்னது அரைகுறையாகப் படித்துவிட்டுப் பேசியது. படிக்காமலே பேசிய கதை இனிமேல்தான்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று உண்டு. பத்திருபது பேர் வருவோம், மிக்சர், டீ. ஒரு மாதம் புதுமைப்பித்தன். "நீங்க 'சிற்றன்னை'யைப் பத்திப் பத்து நிமிஷம் பேசிடுங்க சார்" என்றார்கள். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 'சிற்றன்னை'யிலிருந்து எடுத்தது என்பது எனக்குத் தெரியும். படத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன், காட்சி காட்சியாகச் சொல்லுவேன். அப்புறம் எதற்குப் புத்தகம்? நோட்ஸ்கூட எடுக்காமல் போனேன்.

நன்றாகத்தான் பேசினேன். சுந்தரவடிவேலுவின் குரூரம், அவனுக்குப் பயந்து வாழும் ஊர், நோயாளி மனைவி. முடிவுக்கு வந்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. ஊரே ஆற்றங்கரையில் கூடி நிற்க, அவன் தானாகவே தண்ணீருக்குள் இறங்கிப் போவதையும், கரையில் இரண்டு பிள்ளைகள் நிற்பதையும் சொல்லி, "இப்படி ஒரு முடிவை எழுதப் புதுமைப்பித்தனால் மட்டும்தான் முடியும்" என்று முடித்தேன். கைதட்டல். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பின்வரிசையில் இருந்தார். கையில் புத்தகம். மெதுவாகப் புரட்டியபடி கேட்டார்: "தம்பி, அந்த ஆறு எந்தப் பக்கத்துல வருது?"

பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்றேன். அந்தப் பதிலை இன்றைக்கும் நினைத்தால் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து படித்தேன். ஒரே இரவில் முடிந்துவிடும் குறுநாவல். அதில் ஆற்றங்கரைத் தண்டனை கிடையாது. சுந்தரவடிவேலு ஊரை நடுங்க வைக்கும் ஆளும் இல்லை, கல்லூரிப் பேராசிரியர். தாயில்லாத இரண்டு குழந்தைகள், வீட்டுக்குள் வந்த இளம் சிற்றன்னை, அவ்வளவுதான் வீடு. மகேந்திரன் அந்தக் குழந்தைகளின் தனிமையை எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் புதிதாகக் கட்டியிருக்கிறார். அப்படியும் புதுமைப்பித்தன் பெயரைப் படத்தில் போட்டார். ஒரு துளி வாங்கியவர் கடனை ஊரறியச் சொன்னார். ஒரு பக்கமும் படிக்காத நான் மொத்தத்தையும் படித்ததாகச் சொன்னேன்.

மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' இதைவிடத் துணிச்சல். உமாசந்திரனின் நாவல், கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. நாவலில் நாயகன் காளியின் கையைப் புலி கவ்விவிடும். 1978இல் வந்த படத்தில் புலி கிடையாது, லாரி. எனக்கு லாரிதான் சரி என்று படுகிறது. புலி என்றால் அது விதி. குடித்துவிட்டு ரோட்டில் கிடப்பவன்மேல் லாரி ஏறினால் அது அவனே தேடிக்கொண்டது, காளியின் திமிருக்கு அதுதான் பொருந்தும். தமிழாசிரியர் இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா: புலி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

"கதையை மாத்திட்டான்" என்று குதிப்பதை நான் கொஞ்சம் குறைத்துக்கொண்டது ஜெயகாந்தனை யோசித்த பிறகுதான். 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், கெடுக்கப்பட்டு மழையில் நனைந்து வரும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, எல்லாம் கழுவிப் போயிற்று என்று உள்ளே அழைத்துக்கொள்வாள். 1966இல் விகடனில் வந்ததும் ஊரே இரண்டுபட்டது. பிறகு ஜெயகாந்தனே, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்னாகும் என்று தன் கதையைத் தானே திருப்பிப் போட்டு எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்ய அகாதெமி விருது. அதற்கப்புறம் அவரே திரைக்கதை எழுத, பீம்சிங் இயக்கத்தில் லட்சுமி கங்காவாக நடித்துத் தேசிய விருது வாங்கினார். எழுதியவனே தன் முடிவை மாற்றலாம் என்றால், பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொண்டு நான் எதற்குக் காவல் காக்கிறேன்?

எழுதியவர்கள் கோபப்பட்டால் அதில் நியாயம் உண்டு. ஆர்.கே. நாராயண் தன் 'கைடு' நாவலின் மால்குடியைத் தூக்கிக்கொண்டுபோய் ராஜஸ்தானில் வைத்துவிட்டார்கள் என்று நொந்து ஒரு கட்டுரையே எழுதினார். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்து, தெற்கத்திச் சிற்றூர் ஒன்றைத் தெருத் தெருவாக மனதில் கட்டியவர், உதய்ப்பூர் அரண்மனைகளைத் திரையில் பார்த்தால் வேறென்ன செய்வார். என்னிடம் பறிபோன ஊர் எதுவும் இல்லை.

சரி, படத்தை முதலில் பார்ப்போம், புத்தகத்தை அப்புறம் படிப்போம் என்று வரிசையை மாற்றிப் பார்த்தேன். 'அசுரன்' பார்த்துவிட்டு வந்த சூட்டில் பூமணியின் 'வெக்கை'யை வாங்கினேன். 1982இல் வந்த சின்ன நாவல். படிக்கப் படிக்கப் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். பிளாஷ்பேக் எப்போது வரும்? செருப்பு எப்போது வரும்? குடிசை எரிவது? எதுவும் வரவில்லை. அப்பனின் அந்த இளமைக் கதை வெற்றிமாறன் சேர்த்தது. கீழ்வெண்மணியை நினைவூட்டும் அந்தத் தீ நாவலில் இல்லை. நாவலில் கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவன்தான் கதை. அவனும் அப்பனும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுப்பது, எதைப் பொங்குவது, எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் என்பதே பக்கம் பக்கமாக. "என்னடா, நடுவுல பெரிய பகுதியே மிஸ்ஸிங்" என்று அட்டையைத் திருப்பி, சுருக்கப் பதிப்பா என்றுகூடப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க நாவலில் இருந்தது படத்தில் இல்லை என்று அழுதவன், கடைசியில் படத்தில் இருந்தது நாவலில் இல்லை என்று பூமணியைக் குறை சொல்லும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து தனுஷின் முகம் மங்கிய பிறகு மறுபடி எடுத்தேன். அப்போதுதான் அந்தக் காட்டுக்குள் போக முடிந்தது. கொலைகாரப் பிள்ளையைத் திட்டாமல், அவனுக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி பார்க்கும் ஒரு அப்பனைப் பூமணி இத்தனை சத்தமில்லாமல் எழுதியிருப்பதைப் பார்த்தேன். படம் பெரிய படம்தான். நாவல் வேறு வழியில் போகிறது, இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியது என் வேலையற்ற வேலை.

இதெல்லாம் பட்ட பிறகு ஒரு தீர்மானம் எடுத்தேன்: இனி எந்தப் படமானாலும் அறிவிப்பு வந்த அன்றே நாவலை வாங்கிப் படித்து முடித்துவிடுவது. வெற்றிமாறன், சூர்யாவை வைத்து சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' எடுக்கப்போவதாக அறிவித்தார். உடனே வாங்கினேன். தன் அப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அணைய ஜல்லிக்கட்டுக்கு வந்திருக்கும் பிச்சியும், கூட வந்த மருதனும், பக்கத்தில் நிற்கும் கிழவனிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். பிரமாதமான பேச்சு. அந்த இடத்தில் பால் பாக்கெட் ரசீது ஒன்றை அடையாளத்துக்கு வைத்தேன். வருடங்கள் ஓடிவிட்டன. படம் இன்னும் வந்தபாடில்லை. என் பிரதியில் காரியும் இன்னும் வெளியே வரவில்லை.

நூறு பக்கம்கூட இல்லாத புத்தகம் அது. ஒரு மத்தியானம் போதும், நீங்களாவது படம் வருவதற்குள் முடித்துவிடுங்கள்.